நாற்பத்தொன்றாம் எண்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூவரும் நலம் என்று எழுதிவிட்டுப் பேனாவை வைத்து யோசித்தேன். மூவரில் இருவர் நலம் என்பதுதான் சரி. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்று சொன்னால் நீ கேட்கவா போகிறாய்.

தொலைபேசியில் சொல்லாமல் கடிதம் எழுதுகிறானே என்று நீ திட்டுவது தெரிகிறது. எங்கள் ரேடியோ தொலைநோக்கி அப்படிப்பட்ட மகாராணி. வானத்தின் முனகலைக் கேட்கிற காது அது. பக்கத்தில் ஒரு கைபேசி சிணுங்கினாலும் அன்றைய வேலை பாழ். அதனால் குடியிருப்பு முழுவதும் கைபேசிக்குத் தடை. தபால்காரர் வாரம் இருமுறை வருகிறார். நாய்கூட அவரைப் பார்த்துக் குரைப்பதில்லை, அவ்வளவு ஏங்கிப்போயிருக்கிறோம்.

விஷயத்துக்கு வருகிறேன். வாலுவுக்கு நேற்று முதல் ஊசி போட்டாயிற்று. முதுகுத்தண்டில். ஏழு வயசுப் பிள்ளையைச் சுருட்டிப் பிடித்துக்கொள்ள மூன்று பேர். ஊசி போடுகிற டாக்டரிடம், "நீங்க முதல்ல போட்டுக்கோங்க, அப்புறம் நான் போட்டுக்கறேன்" என்றாள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவள் அழுத அழுகையில் நான் வெளியே போய் நின்றேன். அவள் அம்மாதான் கடைசிவரை காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய நரம்புகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டு வருகின்றன, இதற்கு உலகத்தில் மருந்தே இல்லை என்று மூன்று டாக்டர்கள் சொன்ன பிறகு, உங்கள் ஆய்வில் இப்படியொரு புது மருந்தைச் சோதிக்கிறார்கள் என்று நீ எழுதியதுதான் எங்களை உட்கார்ந்து சாப்பிட வைத்தது. அவளுக்கு நாற்பத்தொன்றாம் எண் கொடுத்திருக்கிறார்கள். மாதம் ஒரு ஊசி, பதினான்கு மாதம். ஒன்று முடிந்தது.

உன் தம்பி

ஜனவரி 27

வானத்தை ஒட்டுக்கேட்கும் என் தம்பிக்கு,

கடிதம் வந்தது. முழங்கால் இருக்கிறது, வலியும் இருக்கிறது, இரண்டும் ஒன்றுக்கொன்று துணை. உன் வயிற்றெரிச்சல் எப்படி? தேநீரைக் குறை.

வாலு டாக்டரிடம் கேட்டதைப் படித்துச் சிரித்தேன், அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அதை இதோடு விடுகிறேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபித்துக்கொள்ளாதே. இந்த ஆய்வில் அறுபது பிள்ளைகள். முப்பது பேருக்கு மருந்து, முப்பது பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். ஊசி ஒன்றுதான், குப்பி ஒன்றுதான், நிறமும் ஒன்றுதான். யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பட்டியல் ஓர் இரும்பு அலமாரிக்குள் முத்திரையிட்ட உறையில் இருக்கிறது. பிள்ளைகளின் கைப்பிடி, நடை, பேச்சு இவற்றை அளக்கிற சோதனைகளை வகுத்தவள் நான்தான். ஆனால் வாலு என் மருமகள் என்று முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன். அதனால் நாற்பத்தொன்றாம் கோப்பை நான் தொடவே கூடாது. ஆய்வு முடிந்ததும், மருந்து பலித்திருந்தால், தண்ணீர் வாங்கிய பிள்ளைகளுக்கும் மருந்து கொடுப்பார்கள். கடைசிவரை இருந்தவர்களுக்கு மட்டும்தான்.

இன்னொன்று. நான் பதினெட்டு வருஷமாக ஆராய்வது ஒரே விஷயம்: ஆசைப்பட்ட மனசு கண்ணை எப்படி ஏமாற்றுகிறது என்பது. முந்தைய ஓர் ஆய்வில், தண்ணீர் வாங்கிய பிள்ளையின் அம்மா ஒருத்தி, "இவன் இப்ப படி ஏறுறான் மேடம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அவன் ஏறவில்லை. ஆகவே வீட்டில் நீங்களாக எதையும் அளக்காதீர்கள். பிள்ளையோடு விளையாடுங்கள், அது போதும்.

உன் மனைவிக்கு என் அன்பு. அவளை நன்றாகத் தூங்கச் சொல்.

உன் அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்கா,

நலமா? தேநீரைக் குறைத்திருக்கிறேன், ஒரு நாளைக்கு ஆறிலிருந்து ஐந்தாக.

இங்கே ஒரு கூத்து நடந்தது. நாலு மாதமாக எங்கள் குழு ஒரு துடிப்பைப் பிடித்து வைத்திருந்தது. வானத்தின் ஒரு மூலையிலிருந்து, சீராக, யாரோ விரலால் மேசையைத் தட்டுவதைப் போல. கட்டுரையும் எழுதிவிட்டோம். போன வாரம் தலைவர் ஓர் உறையைக் கிழித்துக் காட்டினார். அந்தத் துடிப்பை அவரே கணினிக்குள் ஒளித்து வைத்திருக்கிறார். நாங்கள் நேர்மையாகத் தேடுகிறோமா என்று பார்க்கிற வழக்கம் இது, எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் எல்லாரும் மறந்துவிட்டோம். நாலு மாத உழைப்பு, பத்துப் பேருடைய சந்தோஷம், எல்லாம் ஒரு காகிதத்தில் போயிற்று. எங்கள் மின்பொறியாளர் மட்டும், "சார், நல்லாத் தட்டியிருந்தீங்க" என்றார்.

மூன்றாவது ஊசி முடிந்தது. போன மாதத் தொடக்கத்தில் வாலு கரண்டியைக் கீழே போடாமல் சாப்பிட்டாள். அவள் அம்மா, "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று என்னை உலுக்கினாள். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் நீ சொன்னது ஞாபகம் வந்தது, கண்ணை நம்பாதே என்று. சரி, கண்ணை நம்பவில்லை. பயணப் பெட்டி எடை பார்க்கிற வில் தராசு ஒன்று வாங்கி, அலமாரிக் கைப்பிடியில் மாட்டி, ஞாயிறுதோறும் வாலுவை இழுக்கச் சொல்கிறேன். அவளுக்கு அது விளையாட்டு. "அப்பா, பீரோ தோத்துடுச்சு" என்கிறாள். போன மாதம் மூன்று கிலோ நானூறு கிராம். எழுதி வைக்கிறேன்.

உன் தம்பி

ஏப்ரல் 2

தம்பிக்கு,

இருமல் கொஞ்சம். மற்றபடி சுகம். நீங்கள்?

அந்தத் தராசைக் கழற்றித் தூக்கிப் போடு. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறேன், கூடப் பிறந்தவன் காதில் ஏறமாட்டேன் என்கிறது. கண்ணை நம்பாதே என்றால் தராசை நம்பு என்று அர்த்தமா? பிள்ளை ஒரு ஞாயிறு சோம்பலாக இழுப்பாள், மறு ஞாயிறு உன்னைச் சந்தோஷப்படுத்த மூச்சைப் பிடித்து இழுப்பாள். நீ அதிலிருந்து கோடு போடுவாய். கோடு போடாமல் உன்னால் இருக்க முடியாது, உன்னை எனக்குத் தெரியும்.

அவள் பீரோவை ஜெயிக்கட்டும். நீ எழுதி வைக்காதே.

உன் அக்கா

ஜூன் 20

அக்காவுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் சுகமாக இல்லை.

கோடு போட்டுவிட்டேன். இருபது ஞாயிறு. சோம்பலையும் உற்சாகத்தையும் கழித்துவிட எங்களுக்கு வழி தெரியும். இரைச்சலுக்கு நடுவே இல்லாததுபோல் இருப்பதைக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பே. மூன்று கிலோ நானூறு, இப்போது இரண்டு கிலோ ஐந்நூறு. மாதத்துக்கு ஏறக்குறைய இருநூறு கிராம் குறைகிறது. இந்த நோய் வந்து எந்த மருந்தும் எடுக்காத பிள்ளைகளைப் பற்றி வெளியான கட்டுரைகளைத் தபாலில் வரவழைத்துப் படித்தேன். அவர்களுக்கும் அதே சரிவு. என் மகளின் கோட்டையும் அவர்களுடைய கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அடியிலிருப்பது மறைந்துவிடுகிறது.

அவளுக்குப் போடுவது தண்ணீர். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு நிச்சயம்.

ஆறு முறை அந்த முதுகில் ஊசி இறக்கி உப்புத் தண்ணீரை விட்டிருக்கிறார்கள் அக்கா. ஆய்வு முடிய இன்னும் எட்டு மாதம். அதற்குள் எதைப் பிடிக்கக் கை இருக்கும்? மருந்து அங்கேதான் இருக்கிறது, உன் கட்டடத்தில், உன் மாடியில். அவளை மாற்றிவிடு. எப்படி என்று எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும்.

வாழ்க்கையில் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

தம்பி

ஜூலை 1

அன்புத் தம்பிக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே நா எழவில்லை.

முடியாது. என்னால் முடியாததற்கு ஆயிரம் காரணம் எழுதிக் கிழித்துப் போட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். பட்டியலைத் திறந்தால் அந்தக் குழந்தையின் எண் ஆய்விலிருந்து நீக்கப்படும். ஊசியும் நிற்கும், பிற்பாடு கிடைக்கக்கூடிய மருந்தும் நிற்கும். மற்ற ஐம்பத்தொன்பது பிள்ளைகளுக்கும் அப்பா இருக்கிறார்கள், அவர்களில் யாருக்கும் உள்ளே ஒரு அக்கா இல்லை.

கடிதத்தோடு நீ அனுப்பிய கோட்டைப் பார்த்தேன். பிழையில்லாமல் போட்டிருக்கிறாய். இருந்தாலும் பொறுத்துக்கொள். எட்டு மாதம்தான். இதைப் பொறுக்கச் சொல்கிற வாய் வெந்துபோகட்டும், ஆனாலும் சொல்கிறேன்.

உன் அக்கா

ஜூலை 14

அக்காவுக்கு,

வாலு நேற்றிலிருந்து பென்சிலை இரண்டு கையாலும் பிடிக்கிறாள். பெயரின் முதல் எழுத்தை எழுதிவிட்டு மீதியை அவள் அம்மாவை எழுதச் சொல்கிறாள்.

நீ உன் விதியைக் கட்டிக்கொண்டு படு. பெற்றிருந்தால் தெரிந்திருக்கும். உனக்கு எல்லாப் பிள்ளைகளும் எண்தானே, இதுவும் ஒரு எண்.

எழுதியதை அடிக்கப்போவதில்லை. அப்படியே தபாலில் போடுகிறேன்.

செப்டம்பர் 22

தம்பிக்கும் அவன் மனைவிக்கும்,

இரண்டு மாதத்துக்கு மேல் நான் எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ எழுதியதற்குக் கோபமுமில்லை. நீ சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள். வாலு எப்படி இருக்கிறாள்? தூக்கம் வருகிறதா அவளுக்கு?

ஒன்று சொல்கிறேன், இருவரும் உட்கார்ந்து கேளுங்கள். ஊசி போதும். நிறுத்திவிடுங்கள். விலகுகிறோம் என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள், அது பெற்றவர்கள் உரிமை. விடுப்பு எடுத்துக்கொண்டு அவளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போ. அவள் காலில் நிற்கும்போதே கூட்டிப்போ. மணலில் உட்கார்ந்து அவள் என்ன சொல்கிறாளோ அதையெல்லாம் செய். செலவுக்கு நான் இருக்கிறேன்.

காரணம் கேட்காதே. இதற்கு மேல் என்னால் எழுத முடியாது. நான் உன்னிடம் ஒன்று கேட்டதாக வைத்துக்கொள்.

அக்கா

அக்டோபர் 3

அக்காவுக்கு,

இப்போதுதான் நிம்மதியாக மூச்சு வருகிறது. ஊசியை நிறுத்து என்று நீ வாய்விட்டுச் சொல்லவேண்டுமென்றால், உள்ளே ஏதோ தெரிந்துவிட்டது உனக்கு. தண்ணீர்தான். என் கணக்கு சரி. நன்றி, நேராகச் சொல்லாவிட்டாலும்.

ஆனால் நிறுத்தமாட்டேன். நீயே எழுதியிருக்கிறாய், கடைசிவரை இருந்தவர்களுக்கு மட்டும்தான் பிற்பாடு மருந்து என்று. இன்னும் ஐந்து ஊசி. ஐந்து தண்ணீர் ஊசி, பிறகு நிஜ மருந்து. இவ்வளவு தூரம் வந்துவிட்டு வாசலில் திரும்பச் சொல்கிறாயே, இது எந்த ஊர் நியாயம்? தண்ணீர்க் குழந்தை ஒன்று குறைந்தால் உங்கள் கணக்குக்கு நல்லதோ என்றுகூட எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு வெட்கப்படுகிறேன், ஆனால் தோன்றியது.

மருந்து உள்ளே போனதும் சரிவு எப்படி மாறும் என்று கோட்டை நீட்டி வரைந்து சுவரில் ஒட்டியிருக்கிறேன். நடக்க முடியாமல் போனாலும் கையை மீட்டுவிடலாம். கை இருந்தால் போதும், பேனா பிடிப்பாள்.

மார்ச்சு வரை எனக்கு எழுதாதே. உன் கடிதம் வந்தால் அவள் அம்மா ஒரு வாரம் கலங்கிப்போகிறாள்.

தம்பி

ஏப்ரல் 19

தம்பிக்கு,

மார்ச்சு தாண்டிவிட்டது, அதனால் எழுதுகிறேன். நலம் விசாரிக்கிற தகுதி எனக்கு இல்லை.

ஆய்வின் முடிவு இந்த வாரம் எல்லாப் பெற்றோருக்கும் அச்சிட்ட கடிதமாக வரும். அது உன் கைக்கு வருமுன் இது வரவேண்டும்.

நீ ஜூலையில் எழுதிய கடிதம் வந்த பிறகு இருபது நாள் பொறுத்தேன். ஆகஸ்டு ஐந்தாம் தேதி அலமாரியைத் திறந்தேன். அதற்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம், இன்னொன்று புள்ளியியல்காரரிடம். அவர் மதியம் கீழே தேநீர் குடிக்கப் போகும்போது சாவியை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டுப் போவார். பத்து வருஷப் பழக்கம், யாரும் யாரையும் சந்தேகப்படாத இடம். உறையை ஆவி காட்டிப் பிரித்தேன். நான் நல்லவளாகப் போகவில்லை. தண்ணீர் என்று இருந்தால், இன்னொரு குழந்தையின் வரியோடு நாற்பத்தொன்றை மாற்றி எழுதுவதற்கு அதே நிற மையோடு போனேன். யாருடைய குழந்தை என்றுகூடப் பார்த்திருக்கமாட்டேன்.

நாற்பத்தொன்றுக்கு எதிரே மருந்து என்று இருந்தது.

முதல் ஊசியிலிருந்தே அவளுக்குப் போனது மருந்துதான். உன் கோட்டில் தவறில்லை. மருந்து எடுக்காத பிள்ளையைப் போலத்தான் அவள் சரிந்துகொண்டிருந்தாள். மருந்து எடுத்துக்கொண்டே அப்படிச் சரியலாம் என்பதை மட்டும் நீ எண்ணவில்லை. நானும் எண்ணவில்லை. ஆயுள் முழுக்க மற்றவர்களின் ஆசையை அளந்தவள், என் ஆசையை அளக்கத் தெரியாமல் அந்த மையோடு நின்றேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். ஐம்பத்தொன்பது பிள்ளைகளின் ஆய்வு கெடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு குழந்தைக்குப் பலிக்காதது மற்றவர்களுக்குப் பலிக்கலாம் என்றும் சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் சும்மா. மருந்து எங்கேயோ இருக்கிறது என்று நம்பித்தான் நீ காலையில் எழுந்துகொண்டிருந்தாய். அதை உன்னிடமிருந்து பிடுங்க எனக்குத் தைரியம் வரவில்லை. நீயாக நிறுத்திவிடுவாய் என்று செப்டம்பரில் எழுதினேன். நீ அதையே நம்பிக்கையாக எடுத்துக்கொண்டாய். அக்டோபர்க் கடிதத்தைப் படித்தபோதே நான் பேருந்து ஏறி வந்திருக்கவேண்டும். வரவில்லை. எனக்குத் தெரிந்த பிறகு ஏழு ஊசி. அந்த ஏழும் என் கணக்கு.

இனி முடிவு. முப்பது மருந்துப் பிள்ளைகளுக்கும் முப்பது தண்ணீர்ப் பிள்ளைகளுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. யாருக்கும் பலிக்கவில்லை. பிற்பாடு கொடுப்பதாகச் சொன்ன மருந்தும் கிடையாது, கொடுப்பதில் அர்த்தமும் கிடையாது. வேறு மருந்து சோதனையில் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

அலமாரியைத் திறந்ததை ஆய்வுக் குழுவிடம் நானே சொல்லிவிட்டேன். என்னை நீக்கியது நியாயம். ஆனால் விதிப்படி நாற்பத்தொன்றாம் எண்ணின் அளவுகளையும் நீக்கிவிட்டார்கள். வெளியாகப்போகும் கட்டுரையில் ஐம்பத்தொன்பது பிள்ளைகள்தான் இருப்பார்கள். வாலு பட்ட வலி இன்னொரு குழந்தைக்கு உதவும் என்று சொல்லிக்கொள்ளக்கூட நான் உங்களுக்கு எதையும் விட்டுவைக்கவில்லை.

மன்னிப்பு கேட்கவில்லை. நீ கொடுக்கவும் வேண்டாம்.

அக்கா

மே 8

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

உங்களுக்கு நான் தனியாகக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. உடம்பு எப்படி இருக்கிறது? வேலை போன பிறகு வீட்டு வாடகைக்கு என்ன செய்கிறீர்கள் என்று கவலையாக இருக்கிறது. அவர் எழுதமாட்டார், அதனால் நான் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை நின்றபடியே படித்தார். மறுபடி படித்தார். சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தைக் கிழிக்கவில்லை, நாலு மூலையிலும் ஒட்டுத்தாளை நகத்தால் சுரண்டி எடுத்து, சுருட்டி, பீரோ மேல் வைத்தார். பிறகு வேலைக்குப் போய்விட்டார். தினமும் போகிறார், வருகிறார். நாள் முழுக்கக் காதில் ஒலி கேட்கும் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம், மின்பொறியாளர் வந்து சொன்னார். உங்களை அவர் திட்டவில்லை அண்ணி. திட்டினால் எனக்கு நன்றாக இருக்கும். நானும் உங்களைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். பேனாவைப் பிடித்ததும் வரவில்லை.

வாலு இப்போது படுக்கையில்தான். தலை நிற்பதில்லை. பேச்சு எனக்கு மட்டும் புரிகிறது, அவருக்குப் பாதிதான் புரிகிறது. அது அவருக்குப் பெரிய வேதனை. கடலுக்குப் போகலாமா என்று கேட்டேன். "எதுக்கும்மா" என்றாள். விழுங்குவதும் கஷ்டமாகிவிட்டது. எத்தனை நாள் என்று டாக்டரிடம் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

உங்களிடம் ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

போன ஜூனில் அவர் அந்தக் கோட்டைப் போட்டுவிட்டு, "தண்ணிதான் போடறாங்க, வெறும் தண்ணி" என்று கத்தினார். பிள்ளை கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு எட்டு ஊசி. ஒவ்வொரு முறையும் காலைப் பிடிப்பது நான்தான். ஒவ்வொரு முறையும், ஊசி இறங்குவதற்கு முன்னால், தலையைத் திருப்பாமலே கேட்பாள், "அம்மா, இது மருந்தா, தண்ணியா?" என்று.

"மருந்துதான்டி கண்ணு" என்பேன். உடனே உடம்பைத் தளர்த்திக் கொடுப்பாள்.

அவர் கணக்கை நான் முழுசாக நம்பியிருந்தேன். தண்ணீரை மருந்து என்று சொல்லிப் பெற்ற பிள்ளையைப் படுக்க வைக்கிறேனே என்று எட்டு மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை. நல்ல மருந்து வரும், வந்ததும் இந்தப் பொய்யை அவளிடம் சொல்லி அடி வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் தெரிந்தது, நான் அவளிடம் ஒரு தடவைகூடப் பொய் சொல்லவில்லை என்று.

பொய்யாகவே இருந்திருக்கலாம், அண்ணி.

உங்கள் தம்பி மனைவி